‘இனி கோபப்பட மாட்டேன்’ என்ற சபதம் ஏன் நிலைப்பதில்லை?

ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் இரவு ஷிஃப்ட் முடித்து, காலையில் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண் எரிகிறது, வயிறு பசிக்கிறது. வாசலில் செருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய மகன் இன்னும் சாக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான், தெருவே கேட்கும்படி ஒரு கத்தல்!

மகன் சாப்பிடாமலே போய்விடுகிறான். மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. ‘இனி கோபப்படவே மாட்டேன்’ என்று சபதம் எடுக்கிறார். நான்காம் நாள் காலை, மறுபடி அதே கத்தல்.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. இதில் கெடுவது வீட்டின் நிம்மதி மட்டுமல்ல. கடும் கோபத்துக்குப் பிந்தைய 2 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் இரு மடங்குக்கு மேல் கூடுவதாக, 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டறிந்தது.

சபதம் வேறு, திட்டம் வேறு

‘கோபப்பட மாட்டேன்’ என்பது ஆசை. கோபம் வரும் நொடியில் என்ன செய்வது என்று அது சொல்வதில்லை. ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் அதை நிறைவேற்றும் வாய்ப்பு அதிகம் என்கிறார் ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர்.

அப்படியானால் அந்த அப்பாவின் திட்டம் எப்படி இருக்கலாம்?

* பஸ் ஏறும் முன் பசித்தால், டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டே ஏறுவேன்.
* வாசலில் செருப்பு சிதறிக் கிடந்தால், எதுவும் பேசாமல் நேரே போய் முகம் கழுவுவேன்.
* குரல் உயர்வது தெரிந்தால், ‘பத்து நிமிஷம் கழிச்சுப் பேசலாம்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவேன்.

இதை மனம் அமைதியாக இருக்கும்போது எழுத வேண்டும். இரண்டு மூன்று வரிகள் போதும். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவர் நகர்ந்து போவதே ‘மதிக்காமல் போகிறார்’ என்று அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிடும்.

தலையணையைக் குத்தினால் தீருமா?

கோபத்தைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் வெளியான அறிக்கை அதை மறுக்கிறது. மெதுவாக மூச்சு விடுவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம் போன்று உடலின் படபடப்பைக் குறைப்பவையே கோபத்தையும் குறைக்கின்றன. வேகமாக ஓடுவதுகூடப் பெரிதாக உதவுவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. விறகடுப்பில் பால்கோவா கிண்டும்போது பால் பொங்கி வந்தால், முதலில் தீயைத்தானே தணிப்பார்கள்!

ஒரு நாள் தவறிவிட்டால்?

பலரும் திட்டத்தைக் கைவிடுவது இங்கேதான். ஒருமுறை கத்தியதும், ‘நம்ம குணமே இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

தினசரிப் பழக்கங்கள் படிவது பற்றி லண்டனில் 96 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. சிலருக்கு 18 நாளில் பழக்கம் படிந்தது. சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்களுக்கே இந்தக் கணக்கு. கோபத்துக்கு இன்னும் கூடுதல் பொறுமை தேவைப்படலாம்.

எனவே, தவறிய நாளில் செய்ய வேண்டியதையும் திட்டத்திலேயே எழுதிவிடலாம். அன்று மாலைக்குள் மகனிடம், ‘அப்பா கத்தினது தப்புப்பா’ என்று சொல்வது. ‘ஆனா நீயும்...’ என்று அதோடு எதையும் சேர்க்காமல் இருப்பது. தினசரி காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து, தூக்கமின்மையா, பசியா, கடன் கவலையா என்று ஒரே வார்த்தையில் காரணம் எழுதுவது. ஒரு மாதத்தில் எது அடிக்கடி வருகிறது என்று தெரிந்துவிடும். அதற்கேற்பத் திட்டத்தை மாற்றலாம்.

கை ஓங்குவது, பொருட்களை உடைப்பது, குடித்துவிட்டு ரகளை செய்வது என்று போனால் காகிதத் திட்டம் மட்டும் போதாது. அதைப் பொறுத்துப் போவது குடும்பத்தின் கடமையும் அல்ல. மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் அழைக்கலாம். வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவி எண் 181.

வாசலில் செருப்பு நாளைக்கும் சிதறித்தான் கிடக்கும். அதைத் தாண்டிப் போய் அப்பா முகம் கழுவி வருவதற்குள், மகன் சாக்ஸைக் கண்டுபிடித்து, இட்லியையும் சாப்பிட்டு முடித்திருப்பான்.