உங்களுக்குத் தெரியுமா? மூச்சு முட்டுது டாக்டர்!

மூச்சு வாங்குது, மூச்சு முட்டுது, இழுக்குது, இளைக்குது, நெஞ்சு அடைக்குது, கரிக்குது, பாரமா இருக்குது... ஒரு சாண் நெஞ்சுக்குத் தமிழில்தான் எத்தனை சொற்கள்! இவ்வளவும் கைவசம் இருந்தும், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “வாயுத் தொல்லைங்க.” அந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இவற்றைப் படியுங்கள்.

சொல்லே துப்பு
படியேறினால் மட்டும் மூச்சு வாங்குகிறதா? இரத்தசோகை, இதயம், நுரையீரல் என மூன்று பக்கமும் பார்ப்பார்கள். மூச்சை விடும்போது விசில் சத்தம் கேட்கிறதா? ஆஸ்துமா பக்கம் பார்வை போகும். நடந்தால் நெஞ்சை அடைத்து, நின்றால் விடுகிறதா? முதல் சந்தேகம் இதயத்தின்மேல். குனிந்தாலோ சாப்பிட்டுப் படுத்தாலோ கரிக்கிறதா? உணவுக்குழாய். நீங்கள் பேச்சுவாக்கில் சொல்லும் வினைச்சொல்தான் டாக்டருக்கு முதல் பரிசோதனை.

மூச்சுக்குத் தவிப்பது ஏன்?
மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் தவித்துப்போகிறோம். ஆக்ஸிஜன் குறைந்ததால் அல்ல. இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறியதால். மூளைத்தண்டு முக்கியமாக இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. அதனால்தான் ஆக்ஸிஜன் அளவு சரியாக இருக்கும்போதும் ஒருவருக்கு உண்மையாகவே மூச்சு முட்டலாம். அது நடிப்பு அல்ல.

1768இல் ஒரு டாக்டர்
லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் அந்த ஆண்டு ஒரு விசித்திரமான நெஞ்சு வலியை விவரித்தார். நடக்கும்போது, அதிலும் சாப்பிட்டுவிட்டு மேடேறும்போது, நெஞ்சை நெரிக்கும், நின்றால் போய்விடும். அதற்கு அவர் வைத்த பெயர் ஆஞ்சைனா. அதன் இலத்தீன் வேரின் பொருள் நெரிப்பு. நம் ‘நெஞ்சடைப்பு’க்குப் பங்காளி! எந்தக் கருவியும் இல்லாமல், நோயாளிகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டே அவர் கண்டுபிடித்தார்.

முஷ்டியா, விரலா?
“எங்கே வலிக்குது?” என்று கேட்டதும் நெஞ்சின் நடுவில் முஷ்டியை மடக்கி வைக்கிறீர்களா, ஒற்றை விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறீர்களா? அமெரிக்க இதய மருத்துவர் சாமுவேல் லெவின் கவனித்துச் சொன்ன அடையாளம் இது. இதய வலி பெரும்பாலும் இறுக்கமாக, பரவலாக இருப்பதால் கை தானே முஷ்டியாகிவிடும். ஆனால் இது குறிப்புதான், தீர்ப்பு அல்ல. விரலால் தொட்டுக் காட்டியவர்களுக்கும் இதயநோய் இருந்ததுண்டு.

வலி நெஞ்சில், புகார் கையில்
இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் இடது கையின் உட்புற நரம்புகளும் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே தளங்களில் வந்து சேர்கின்றன. சேதி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று மூளைக்குக் குழப்பம். அதனால் கை, தோள், கழுத்து, தாடை, சில நேரம் பல்கூட வலிக்கும்.

நெஞ்சு வலியே இல்லாத மாரடைப்பு
உண்டு. குறிப்பாகப் பெண்களுக்கும், முதியவர்களுக்கும், நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கும். திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி, குமட்டல், சில்லென்ற வியர்வை – இவ்வளவுதான் அறிகுறியாக இருக்கலாம். தான் பார்த்த ஏறக்குறைய நூறு ஆஞ்சைனா நோயாளிகளில் பெண்கள் மூவர் மட்டுமே என்று ஹெபர்டன் எழுதி வைத்தார். பெண்களின் நெஞ்சைக் குறைவாக நினைக்கும் பழக்கம் அத்தனை பழையது.

இரவு இரண்டு மணி
அப்பா எழுந்து உட்கார்ந்திருக்கிறார். பனியன் நனைந்திருக்கிறது. அம்மா சமையலறை விளக்கைப் போட்டு ஓமவாட்டர் பாட்டிலைத் தேடுகிறார். ஒருவர் இஞ்சி தட்டுகிறார், ஒருவர் சோடா உடைக்கிறார். ஒரு ஏப்பம் வருகிறது. “இப்போ பரவாயில்லை, வாயுதான்” என்று எல்லோரும் படுக்கப் போகிறார்கள். எத்தனையோ வீடுகளில் நடக்கும் காட்சி இது. உணவுக்குழாயும் இதயமும் அண்டைவீட்டுக்காரர்கள். வலியைக் கொண்டு செல்லும் நரம்புப் பாதையும் ஏறக்குறைய பொதுவானது. ஏப்பம் வந்து வலி குறைந்ததாலோ, அமிலத்தைத் தணிக்கும் மருந்து கேட்டதாலோ இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. அந்த நனைந்த பனியனைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

நாக்கடி மாத்திரை சோதனையும் செல்லாது
நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இதய இரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. உணவுக்குழாய்த் தசையையும் தளர்த்தும். அதனால் ‘மாத்திரைக்கு வலி நின்றது, ஆகவே இதயம்தான்’ என்றும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதித் தந்ததை வாங்கிப் போடவே கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

ஈசிஜிக்கு வாளித் தண்ணீர்
நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் உருவாக்கிய முதல் ஈசிஜி இயந்திரத்தின் எடை சுமார் 270 கிலோ. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர்ப் பாத்திரங்களில் முக்கிக்கொண்டு உட்கார வேண்டும். இந்தக் கண்டுபிடிப்புக்காக ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்த இயந்திரம் கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் ஒன்று மாறவில்லை: ஈசிஜி அந்த நிமிடத்தின் படம் மட்டுமே.

“ஈசிஜி நார்மல்” என்றால்?
மாரடைப்பின் தொடக்கத்தில் ஈசிஜி சரியாகவே வரலாம். இதயத்தசை சிதைந்தால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதமும் ஏறச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் இரண்டையும் இடைவெளி விட்டு மறுபடி எடுக்கிறார்கள். “இருங்க, இன்னொரு தடவை பார்க்கணும்” என்று டாக்டர் சொன்னால் அது காசு பிடுங்கும் வேலை என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

தாளைச் சுருட்டிய டாக்டர்
1816, பாரிஸ். இதயக் கோளாறு உள்ள ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்ட ரெனே லெனெக், தாள்களைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரடியாகக் காது வைத்தால் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது! ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். நெஞ்சுநோய்களைக் கேட்டுக் கேட்டுப் பிரித்தறிந்த அவரே பத்தாண்டுகளில் காசநோயால் இறந்தார்.

எத்தனை தலையணை?
இந்தக் கேள்வியை டாக்டர் கேட்டால் சிரிக்காதீர்கள். இதயம் தளர்ந்தவர்கள் மல்லாந்து படுத்தால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். தூங்கி ஓரிரு மணி நேரத்தில் திணறி எழுந்து ஜன்னலைத் திறந்து நிற்பார்கள். இவற்றோடு கால் வீக்கமும் இருந்தால் நாள் கடத்தக் கூடாது.

‘ஈஸ்னோபீலியா’ வந்த கதை
நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் இந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு வரலாறு உண்டு. ஆந்திராவின் மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில் ஃப்ரிமோட் மோலர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள் 1940இல் ஒரு புதிரை எழுதினார்கள். இரவு இருமல், இழுப்பு, எக்ஸ்ரேயில் காசநோய் போன்ற நிழல். ஆனால் காசநோய் இல்லை. இரத்தத்தில் ஈஸ்னோபில் அணுக்கள் மட்டும் ஏராளம். பிற்பாடுதான் யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே நுண்புழுவுக்கு எதிராக உடல் காட்டும் அளவுமீறிய எதிர்ப்பு இது என்று தெரிந்தது. அந்தப் புழுவுக்கான மாத்திரையே மருந்து. ஆனால் ரிப்போர்ட்டில் ஈஸ்னோபில் சற்றுக் கூடியிருந்தால் எல்லாம் இதுவே அல்ல. அலர்ஜிக்கும் குடற்புழுவுக்கும்கூட அது ஏறும்.

பகலில் நல்ல பிள்ளை
ஆஸ்துமா விடியற்காலையில் படுத்தி எடுக்கும். காலை பதினொரு மணிக்கு டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நெஞ்சு பளிச்சென்று இருக்கும், “ஒண்ணுமில்லையே” என்பார். இழுக்கும்போது கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து கொண்டுபோய்க் காட்டுங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையையும் கேளுங்கள். அதற்கு வயது 175க்கு மேல்: ஜான் ஹட்சின்சன் 1846இல் அறிமுகப்படுத்தியது.

பம்ப்புக்குப் பயமா?
“பம்ப் அடிச்சா பழகிடும், மாத்திரையே போதும்” என்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது 4,000 மைக்ரோகிராம். நாற்பது மடங்கு! நெஞ்சுக்கு நேரே போவது துளி. வயிற்று வழியே சுற்றிப் போவது குடம்.

பீடி தொடாத பாட்டிக்கு
வாழ்நாள் முழுக்க விறகடுப்பு ஊதியவருக்குப் புகைபிடிப்பவருக்கு வரும் அதே நுரையீரல் அடைப்பு நோய் வரலாம். “சிகரெட் பழக்கம் உண்டா?” என்ற கேள்விக்கு இல்லை என்று மட்டும் சொன்னால் பாதி உண்மை மறைந்துவிடும். அடுப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரத்தம் குறைந்தாலும் இளைக்கும்
ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆக்ஸிஜனைச் சுமக்க ஆள் குறைந்தால் இதயம் ஓடி ஓடி ஈடுகட்டும்; படபடப்பும் இளைப்பும் அதனால்தான். ஸ்கேனுக்கு முன்னால் ஒரு ஹீமோகுளோபின் சோதனை போதுமானதாக இருக்கலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால்
நீண்ட பயணம், அறுவைச் சிகிச்சை, பிரசவம் – இவற்றுக்குப் பிறகு காலில் உறையும் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம்: மூன்றையும் சேர்த்துச் சொன்னால் டாக்டர் உடனே பிடித்துக்கொள்வார். காலைப் பற்றிச் சொல்ல மறந்தால் நெஞ்சில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

விரலில் 98 காட்டினால்?
ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970களில் கண்டறிந்த முறையில் இயங்குகிறது பல்ஸ் ஆக்ஸிமீட்டர். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் அதை ஏமாற்றும். அது சரியாகவே 98 காட்டினாலும் ‘இதயம் நலம்’ என்று பொருள் அல்ல. மாரடைப்பின் நடுவிலும் 98 காட்டலாம்.

சிப்பாயின் இதயம்
அமெரிக்க உள்நாட்டுப் போரில் முந்நூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களுக்கு நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத்திணறல். சோதித்தால் இதயத்தில் பழுது தெரியவில்லை. 1871இல் இதை எழுதியவர் மருத்துவர் டா கோஸ்டா. இன்றைக்குப் பதற்ற நோயோடு சேர்த்துப் பேசுகிறார்கள். பதற்றத் தாக்கு பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சிக்குப் போய், பிறகு மெல்லத் தணியும். வலி கற்பனை அல்ல. அதற்கும் சிகிச்சை உண்டு. ஆனால் முதல் முறை வரும்போது ‘டென்ஷன்’ என்று நீங்களே முத்திரை குத்தாதீர்கள். முதலில் இதயம், பிறகு மனம்.

காகிதப் பையும் இருமலும்
மூச்சு வாங்கினால் காகிதப் பைக்குள் ஊதச் சொல்வது பழைய வைத்தியம். காரணம் ஆஸ்துமாவாகவோ இதயமாகவோ இருந்தால் அது ஆபத்து. தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் யோசனையை அமெரிக்க இதய சங்கம் ஏற்கவில்லை. இருமும் நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடலாம்.

பிள்ளைக்குச் சுருக்கென்று குத்தினால்
வளரும் வயதில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஊசி குத்தியதுபோல் வலித்து, மூச்சிழுத்தால் கூடி, சில நொடிகளிலோ நிமிடங்களிலோ மறைவது பெரும்பாலும் தீங்கற்றது. ஓடும்போது வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ கதை வேறு. உடனே காட்ட வேண்டும்.

மலை ஏறும் சாமிகளுக்கு
சபரிமலைப் பாதையில் நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றங்களில் அவசர இதய சிகிச்சை மையங்களை வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. வருடம் முழுக்க நடக்காத கால் ஒரே நாளில் செங்குத்தாக ஏறுகிறது. விரதத்தோடு நடைப்பயிற்சியையும் தொடங்குங்கள். தினமும் போடும் பிரஷர், சுகர் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். ஏறும்போது நெஞ்சை அடைத்தால் அங்கேயே உட்காருங்கள், ஐயப்பன் காத்திருப்பார்.

ஒரு துண்டுச் சீட்டு
டாக்டரிடம் போகுமுன் ஆறு வரி எழுதுங்கள். எப்போது தொடங்கியது? எவ்வளவு நேரம் இருந்தது? என்ன செய்தால் கூடுகிறது, என்ன செய்தால் குறைகிறது? கூடவே வியர்வை, மயக்கம், இருமல், வீக்கம் உண்டா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இதயநோய் உண்டா? நோயின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அது டாக்டரின் வேலை.

எழுத நேரமில்லாத வேளை
நெஞ்சு இறுக்கம் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, பேச முடியாமல் மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ சீட்டும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். நோயாளியே வண்டி ஓட்டுவது அதைவிட மோசம். ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு “வெறும் வாயுதான், வீட்டுக்குப் போங்க” என்று அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வார்த்தையை டாக்டர் சொல்லிக் கேட்கத்தானே போனோம்!