புலால் உண்ணும் பூண்டு

திருவள்ளூர் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது ஸ்ரீ வீரராகவப் பெருமாள் கோயிலும், அமாவாசைதோறும் அங்கே திரளும் ஜனக்கூட்டமுந்தான். கும்மிடிப்பூண்டி என்றாலோ, சிப்காட் தொழிற்பேட்டையும், இரும்பு உருக்காலைகளும், சாலையை அடைத்துக்கொண்டு செல்லும் சரக்கு லாரிகளும் கண்முன் வந்து நிற்கும். இந்தச் சீமையின் ஏரிகளிலும் தாங்கல்களிலும், யாருடைய கண்ணிலும் படாமல் ஒரு வேட்டைக்காரன் வாசம் செய்கிறான் என்பதை அறிந்தவர் சிலரே. அந்த வேட்டைக்காரன் புலியுமல்ல, முதலையுமல்ல. கையால் அள்ளினால் பாசிபோல் விரலில் சுற்றிக்கொள்ளும் ஒரு சாதுவான நீர்ப்பூண்டு!

இதன் சாஸ்திரப் பெயர் யூட்ரிகுலேரியா. சிறு தோற்பை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் இதைப் பைப்பூண்டு என்று அழைக்கலாம். உலகத்தில் ஏறக்குறைய 240 வகைப் பைப்பூண்டுகள் உண்டு. நம் தேசத்து வகைகளையெல்லாம் ஆராய்ந்து, எம். கே. ஜனார்த்தனம், ஏ. என். ஹென்றி என்னும் இரு தாவர நூலறிஞர்கள் எழுதிய நூலை இந்தியத் தாவர ஆய்வகம் 1992-ல் வெளியிட்டது. கேரளத்தில் நீலநிறப் பூப் பூக்கும் ஒருவகைப் பைப்பூண்டைக் காக்காப்பூ என்று பெயரிட்டு, ஓணத்தின்போது பூக்கோலத்தில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நாமோ நம் சமவெளிக் குளங்களில் பூப்பதைப் பாசி என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறோம்.

பையின் ரகசியம்

தமிழ்நாட்டுச் சமவெளியில் நீரில் மிதக்கும் பைப்பூண்டுகளில் இரண்டை எளிதில் அடையாளம் காணலாம். நீருக்குமேல் எழும் பூந்தண்டைச் சுற்றி, பஞ்சுபோன்ற மிதவைகள் நட்சத்திர வடிவில் அமைந்திருந்தால் அது ஸ்டெல்லாரிஸ். மிதவைகளின்றி, பொன் மூக்குத்தி போன்ற மஞ்சட்பூக்களைத் தாங்கி நிற்பது ஆரியா. இரண்டுக்கும் வேர் என்பதே கிடையாது. மயிரிழைபோல் பிளவுபட்ட இலைகளின் நடுவே, கடுகளவும் அதனினும் சிறியனவுமான பைகள் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. அந்தப் பைகளே இதன் வாயும் வயிறும்.

ஒவ்வொரு பையும் தன்னுள்ளே இருக்கும் நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் பையின் சுவர்கள் ஒட்டிய கன்னம்போல் உட்குழிகின்றன. பையின் வாயில் ஒரு கதவு. கதவின்மேல் சில மயிர்கள். நீர்த்தெள்ளு என்னும் நுண்ணிய பிராணி நீந்தி வந்து அம்மயிரில் இடித்ததும் கதவு திறக்கிறது. குழிந்த சுவர் விரிகிறது. நீரோடு பிராணியும் உள்ளே உறிஞ்சப்படுகிறது. மறுகணமே கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே சென்றதற்கு மீட்சியில்லை. பையில் சுரக்கும் ரசங்கள் அதைச் சிறுகச் சிறுகச் ஜீரணித்துவிடுகின்றன. ஏறக்குறைய அரைமணி நேரத்தில் பை மறுபடியும் வேட்டைக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

டார்வின் 1875-ல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிராணிகள் தாமே தலையால் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு நுழைகின்றன என்பது அந்த மகாமேதையின் எண்ணம். அது சரியன்று என்பது பின்னால் தெரியவந்தது. 2011-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அதிவேகப் படக்கருவியால் இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். உறிஞ்சும் காரியம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது! கண் இமைக்கும் நேரம் இதோடு ஒப்பிட்டால் ஒரு யுகம்.

வீட்டில் வளர்ப்பது எப்படி?

இத்தகைய அதிசயத்தை மாடியிலோ முற்றத்திலோ ஒரு தொட்டியில் வளர்க்கலாம். பணச்செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். ஓரடி ஆழமுள்ள அகன்ற மண்தொட்டியோ சிமெண்டுத் தொட்டியோ போதும். சிமெண்டுத் தொட்டி புதியதானால், சில வாரம் நீரை ஊற்றி ஊற்றி மாற்றி, அதன் காரம் போகச் செய்யவேண்டும். அடியில் நன்றாய்க் கழுவிய மணலை இரண்டங்குலம் பரப்பி, அதன்மேல் நாட்டு வாதுமையின் உலர்ந்த சருகுகள் இரண்டொன்றை இடுக. சருகு ஊறி, நீர் வெளிறிய தேயிலைநீரின் நிறம் பெறுவது இச்செடிக்கு உகந்தது. ஓரத்தில் ஒரு கோரைச் செடியை நட்டுவைத்தால், நீரில் மிஞ்சும் சத்தை அது இழுத்துக்கொள்ளும்.

நீர் விஷயத்தில்தான் மிக்க கவனம் வேண்டும். மழைநீரே உத்தமம். மீஞ்சூர்ப் பக்கத்தில் அளவுமீறி நிலத்தடி நீரை இறைத்ததனால் கடல்நீர் உட்புகுந்து, கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. அத்தகைய நீர் இப்பூண்டுக்கு ஆகாது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-ல் தமிழ்நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டதல்லவா? மாடியிலிருந்து வடியும் அந்த நீரில், முதல் மழையின் அழுக்கைப் போகவிட்டு, இரண்டு குடம் பிடித்து வைத்தால் போதும்.

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படும்படியும், உச்சிவெயிலில் சற்று நிழல் கிடைக்கும்படியும் தொட்டியை வைக்கவேண்டும். சாணமோ, பிண்ணாக்கோ, கடையில் வாங்கிய உரமோ எள்ளளவும் இடலாகாது. சோறு, எறும்பு முதலியவற்றைப் போட்டு உபசரிப்பதும் வேண்டாம். தெளிந்த குளத்திலிருந்து ஒரு செம்பு நீரைக் கொண்டுவந்து ஊற்றினால், அதிலுள்ள நீர்த்தெள்ளுகள் பெருகி இதற்கு ஆகாரமாகும். இழைப்பாசி படர்ந்தால் கையால் சுற்றி எடுத்துவிட்டு, பாதி நீரை மாற்றுக.

ஓர் எச்சரிக்கை. பைப்பூண்டு பிஞ்சுக் கொசுப்புழுக்களைத் தின்பது உண்மையே. ஆனால் அதை நம்பித் தொட்டியைத் திறந்து போடுவது பெரும்பிழை. வளர்ந்த புழுக்கள் பைக்குள் அடங்கா. டெங்கு ஜுரம் பரப்பும் கொசு வீட்டிலுள்ள தேங்கிய நீரில்தான் முட்டையிடுகிறது. ஆதலால் தொட்டியின்மேல் கொசுவலையை இறுகக் கட்டிவைப்பது குடும்பத்தாரின் கடமை.

மழைக்காலம் ஓய்ந்து, நீர் தெளிந்து, வெயில் நிலைக்கும் நாட்களில் பூவை எதிர்பார்க்கலாம். போதிய வெளிச்சமில்லாவிட்டால் கொடி நீளுமேயன்றிப் பூக்காது. நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் அளவில் தண்டு எழும்பி, மஞ்சட்பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலரும். அந்நாளில் வலையைச் சற்று உயர்த்திக் கட்டி, குழந்தைகள் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுங்கள். கீழே பையில் கறுத்துத் தெரியும் இரையையும் மேலே சிரிக்கும் பூவையும் ஒருங்கே பார்க்கும் குழந்தை அதை எளிதில் மறக்காது.

ஏழ்மையின் செல்வம்

இந்தச் செடி ஏன் உயிர்களைத் தின்கிறது? அது வாழும் நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. அந்த வறுமையைச் சமாளிக்கவே அதற்குப் பைகள் வேண்டியிருக்கின்றன. நீரில் சத்து மிகுந்தால் பைப்பூண்டுகள் பல பைகளைக் குறைத்துக்கொள்வதைச் சாஸ்திரக்ஞர்கள் கண்டிருக்கிறார்கள். மேலும் மிகுந்தால் பாசியும் ஆகாயத் தாமரையும் ஏரியை மூடிக்கொள்ள, வெளிச்சமின்றி இது மடிந்துபோகிறது. எளிமையிலே செழித்த செடியைச் செல்வம் கொன்றுவிடுகிறது! அந்தச் செல்வமோ வேறொன்றுமில்லை. நம் சாக்கடையும், வயலிலிருந்து வழியும் உரமுமேயாகும்.

தேசபக்தர் சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயராய் இருந்தபோது பட்டணத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பாடுபட்டார். அதன் பலனாய்க் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் 1944-ல் எழுந்த நீர்த்தேக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. அவர் தேடித் தந்த நீரைக் குடிக்கும் நாம், அதே ஜில்லாவின் சிற்றேரிகளைக் குப்பைமேடாக்கலாமா? தொழிற்சாலைகள் வேண்டும், அவற்றால் ஆயிரமாயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் ஏரியும் வேண்டும்.

ஏரியிலிருந்து செடி கொணர்வோர் ஒரு சாண் நீளக் கொடி ஒன்றை மட்டும் எடுக்கவேண்டும். அதுவே தொட்டியை நிரப்பிவிடும். பறவைகள் சரணாலயம் போன்ற காப்பிடங்களில் கைவைக்கலாகாது. கடையில் வாங்கும் அந்நியநாட்டு வகைகளை நம் குளங்களில் கொட்டுவதும் கூடாது. ஆகாயத் தாமரை அவ்விதம் வந்து சேர்ந்த விருந்தாளிதான்.

வீட்டுத் தொட்டியில் பைப்பூண்டு பூத்திருக்குமானால், அந்த வீட்டார் நீரைக் களங்கமில்லாமல் காக்கக் கற்றுவிட்டார்கள் என்று பொருள். அடுத்த தை மாதத்தில் உங்கள் ஊர்த் தாங்கலின் கரைக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்று, நீர்மேல் அந்தப் பொன் மூக்குத்தி மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் மகிழுங்கள். மின்னாவிட்டால், அந்தத் தாங்கலில் எங்கிருந்து என்ன வந்து விழுகிறது என்று ஊராரோடு சேர்ந்து விசாரியுங்கள்.