பெயரை மாற்றிக் கேட்டால்

"கம்ப்யூட்டரே திட்டமெல்லாம் போட்டுத் தருதே, இனி நமக்கென்ன வேலை?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். திட்டம் போடுகிறதா, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறதா என்று பிரித்தறிவது எப்படி? அதற்கென்றே துறைசார்ந்தோர் சில பரீட்சைக் கணக்குகளை வைத்திருக்கிறார்கள்.

பழையவற்றில் ஒன்று கட்டைக் கணக்கு. மேசையில் சிவப்புக் கட்டை, அதன்மேல் நீலம். பச்சை தனியே இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் தூக்கலாம். கடைசியில் நீலத்தின்மேல் பச்சை, பச்சையின்மேல் சிவப்பு இருக்கவேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டுத்தான். ஆனால் முதலில் சிவப்பைப் பச்சைமேல் வைத்தால் பிறகு பச்சையை எடுக்க ஏலாது. முதலில் பச்சையை நீலத்தின்மேல் வைத்தால் சிவப்பு அடியில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு இலக்காக முடித்துவிட்டுப் போன 1970களின் நிரல்கள் இதில்தான் தடுமாறின. 'சஸ்மன் முரண்' என்று இதற்குப் பெயர். நீலத்தை முதலில் மேசையில் இறக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு இலக்கையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

1998இல் முதலாவது சர்வதேசத் திட்டமிடல் போட்டி நடந்தது. அதற்காக ட்ரூ மக்டெர்மட் குழுவினர் பி.டி.டி.எல். என்ற பொதுமொழியை உருவாக்கினர். ஒரு செயலைச் செய்யமுன் என்ன நிலை இருக்கவேண்டும், செய்தபின் என்ன மாறும் என்பதை அதில் எழுதிக் கொடுப்பார்கள். வரும் விடையைப் படிப்படியாகச் சரிபார்க்கலாம். அழகான பேச்சுக்கு அங்கே புள்ளி இல்லை.

பிறகு சாட்ஜிபிடி போன்றவை வந்தன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுப்பாராவ் கம்பம்பாட்டியின் குழு அதே கட்டைக் கணக்கைக் கொடுத்தது. ஜிபிடி-4 ஏறத்தாழ மூன்றில் ஒன்றைச் சரியாகச் செய்தது. பிறகு விதிகளை அப்படியே வைத்து, 'தூக்கு' என்பதைத் 'தாக்கு' என்பதுபோலப் பெயர்களை மட்டும் மாற்றினார்கள். நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. பழைய பாணித் திட்டமிடல் நிரலோ இரண்டையும் முழுமையாகத் தீர்த்தது. அதற்குப் பெயர் ஒரு பொருட்டே அல்ல. 2024இல் வந்த ஓ1 மாதிரி முதல் வடிவத்தில் 97 சதவீதத்தைத் தாண்டியது. பெயர் மாற்றியதில் பாதியளவுக்கு இறங்கியது.

கடந்தகால வினாத்தாளைப் பாடமாக்கி வந்த பிள்ளையை ஆசிரியர் இப்படித்தான் கண்டுபிடிப்பார். முன்னேற்றம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்து விநியோகத்தையோ வெள்ள நிவாரணத்தையோ ஒரு கருவியின் கையில் கொடுக்கமுன், அது எத்தனை புள்ளி எடுத்தது என்பதோடு நின்றுவிடக்கூடாது. எந்த வினாத்தாளில் எடுத்தது, பெயரை மாற்றிக் கேட்டுப் பார்த்தீர்களா, விடையைச் சரிபார்த்தது யார் என்றும் கேட்கவேண்டும்.