ஐந்து மில்லிமீட்டர்

பாதை இல்லாத இடத்துக்கு ஒரு வண்டி – 14

டயர் 40 அங்குலம் என்று முடிவாயிற்று. சேசிஸ் அளவும் போன வாரத்தோடு தீர்ந்தது. இனி ஆக்சில். முன்னதையும் பின்னதையும் ஒரே இதழில் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஆக்சில் ஷாஃப்ட்டின் தடிமனில் ஐந்து மில்லிமீட்டர் செய்கிற வேலையை எழுதப் புகுந்தால் அதுவே இந்த வாரப் பக்கங்களை எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் கணக்குப் புரியாமல் முன் ஆக்சிலுக்குள் நுழைவதில் பயனில்லை.

சொந்தமாக வண்டி கட்டுகிறவர்கள் ஆக்சில் தேடும்போது பெரும்பாலும் எஞ்சினிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இத்தனை குதிரைத்திறன், ஆகவே இவ்வளவு பெரிய ஆக்சில் என்று கணக்குப் போடுகிறார்கள். கலிஃபோர்னியாவின் ரூபிகான் தடத்திலோ யூட்டாவின் மோவாப் பாறைகளிலோ ஏறப்போகும் வண்டிக்கு அந்தக் கணக்கு உதவாது. அங்கே ஆக்சிலுக்கு எவ்வளவு சுமை என்பதைத் தீர்மானிப்பது டயர். 2018 மாடலாக வந்த ஜீப் ராங்ளர் ரூபிகானை எடுத்துக்கொள்வோம். அதன் 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தரும் முறுக்கு விசை 353 நியூட்டன் மீட்டர். மேனுவல் கியர்பாக்ஸில் முதல் கியர் 5.13 மடங்கு, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 4 மடங்கு, கிரவுன் வீலும் பினியனும் சேர்ந்து 4.10 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 84 மடங்கு. அதாவது, தேய்மானத்தில் போவதைக் கழிக்காமல் பார்த்தால், சக்கரங்களுக்கு வந்து சேரக்கூடியது 29,600 நியூட்டன் மீட்டருக்கும் மேல். இப்போது தரையின் பக்கமிருந்து பார்ப்போம். வண்டியின் எடை சுமார் 2,000 கிலோ; நான்கு டயர்களும் சேர்ந்து தரையை அழுத்தும் விசை 19,600 நியூட்டன். காய்ந்த பாறையில் ரப்பருக்கு அந்த அழுத்தத்துக்குச் சமமான பிடிப்பு கிடைப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கம்பெனி தரும் 33 அங்குல டயரின் ஆரம் 0.42 மீட்டர். பெருக்கினால் 8,200 நியூட்டன் மீட்டர்தான். அதைத் தாண்டினால் டயர் வழுக்கிவிடும். எஞ்சினும் கியர்களும் தர முடிந்தது அதைப் போல் மூன்றரை மடங்கு. எஞ்சினை மாற்றி இரட்டிப்பு பலமுள்ள ஒன்றை வைத்தாலும், லோ ரேஞ்சில் மெதுவாக ஏறும்போது ஷாஃப்ட்டுக்கு வரும் சுமை டயர் வழுக்குகிற இடத்திலேயே நின்றுவிடும். அதே வண்டிக்கு 40 அங்குல டயர் மாட்டிப் பாருங்கள்: ஆரம் 0.51 மீட்டர், தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 10,000 நியூட்டன் மீட்டர். எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. ஆக்சிலின் சுமை ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது.

இந்த மொத்தச் சுமை நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிவதும் இல்லை. பாறைமேல் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும், இன்னொன்றின்மேல் வண்டியின் பாதி எடை இறங்கியிருக்கும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் போட்ட ஆக்சிலில் பிடிப்புள்ள சக்கரத்துக்கே முழு முறுக்கும் போகும். அப்போது ஒரே ஒரு ஷாஃப்ட் 5,000 நியூட்டன் மீட்டர் வரை சுமக்கிறது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. டயர் எப்போதும் வழுக்கித் தப்பித்துவிடும் என்று யார் சொன்னது? இரண்டு பாறைகளுக்கு நடுவே டயர் ஆப்பு அடித்ததுபோல் சிக்கிக்கொண்டால் வழுக்க இடமே இல்லை. எஞ்சின் தருவது முழுவதும் ஷாஃப்ட்டில் வந்து இறங்கும். அதே போல, அந்தரத்தில் வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் பாறையில் தொப்பென்று இறங்கிப் பிடித்துக்கொண்டால், அந்த அதிர்ச்சி என் பெருக்கலில் வரவே இல்லை. உண்மைதான். ஆனால் இந்த இரண்டாவது விபத்தில் ஷாஃப்ட்டை முறிப்பது அந்த நேரத்தில் எஞ்சின் தரும் விசை மட்டுமல்ல, சுழலும் பாகங்களில் சேர்ந்திருக்கும் வேகமும்தான். 40 அங்குல டயரும் அதன் வீலும் சேர்ந்தால் ஒரு மூலைக்கு 50 கிலோவை எட்டிவிடும். அந்த எடையின் பெரும்பகுதி மையத்திலிருந்து தள்ளி, விளிம்பில் இருக்கிறது. அதுவும் ஒரு ஃப்ளைவீல் போலச் சுழல்கிறது. ஆப்பு அடித்ததுபோல் சிக்கும் நிலைக்கு ஓட்டுநரின் வலது கால்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கென்று 29,000 நியூட்டன் மீட்டரைத் தாங்கும் ஷாஃப்ட் செய்தால் வண்டி தன் ஆக்சிலையே தூக்க முடியாமல் நிற்கும்.

சரி, சுமை தெரிந்துவிட்டது. எவ்வளவு தடிமன்? இங்கேதான் அந்த ஐந்து மில்லிமீட்டர் வருகிறது. அமெரிக்காவில் வண்டி கட்டுகிறவர்கள் அதிகம் தேடும் இரண்டு ஆக்சில்கள் டானா 44, டானா 60. 44-இன் ஷாஃப்ட் முனையில் 30 ஸ்பிளைன் பற்கள், விட்டம் 1.31 அங்குலம், மில்லிமீட்டரில் 33.3. 60-இல் 35 ஸ்பிளைன் உள்ள ஷாஃப்ட்டின் விட்டம் 1.5 அங்குலம், 38.1 மில்லிமீட்டர். வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. ஒரு பென்சிலின் தடிமனைவிடக் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் முறுக்குக்கு எதிரான பலம் விட்டத்தின் கனத்துக்கு, அதாவது விட்டத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணுக்கு ஏற்ப உயர்கிறது. 1.31-ஐ மும்முறை பெருக்கினால் 2.25, 1.5-ஐ மும்முறை பெருக்கினால் 3.375. அதே எஃகு, அதே பதம், ஐந்து மில்லிமீட்டர் கூடுதல்: பலம் ஒன்றரை மடங்கு. எடையோ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் கூடும், அதாவது 31 சதவீதம். இயந்திரங்களின் உலகில் கொடுத்ததைவிட அதிகம் திரும்பக் கிடைக்கும் பேரம் அபூர்வம். இது அப்படிப்பட்ட ஒன்று.

காரணம் எளிது. ஷாஃப்ட்டை முறுக்கும்போது அதன் நடுவில் இருக்கும் எஃகு அநேகமாகச் சும்மா இருக்கிறது. வெளிப்புறத்துக்குப் போகப் போக இழுபடுதல் கூடுகிறது. தோல்பகுதிதான் முழு வேலையையும் செய்கிறது. அந்தத் தோலில் எஃகைக் கூட்டினால் மூன்று ஆதாயம் ஒருங்கே வருகிறது: சுற்றளவு கூடுகிறது, மையத்திலிருந்து தூரம் கூடுகிறது, மிக அதிகமாக இழுபடும் இடத்தில் எஃகு போய் உட்காருகிறது. ஷாஃப்ட்டின் மேற்பரப்பை மட்டும் சூடேற்றிக் கடினமாக்குவதும் இதனால்தான். முறிந்த ஷாஃப்ட் இதைத் தன் முகத்திலேயே எழுதி வைத்திருக்கும். ஒரு சாக்பீஸை இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள். நேராக உடையாது, 45 டிகிரி சாய்வில் சுருள் படிக்கட்டு போல உடையும். சாக்பீஸுக்கு இழுவையைத் தாங்கத் தெரியாது; முறுக்கும்போது இழுவை மிகுவது அந்தச் சாய்வில்தான். நெகிழும் தன்மையுள்ள எஃகோ கத்தியால் வெட்டியதுபோல் குறுக்கே தட்டையாக அறுந்துபோகும், ஏனென்றால் அதன் அணுப் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கித்தான் தோற்கின்றன. அறுவதற்கு முன் எச்சரிக்கையும் தரும். பாறைப் பயணம் முடிந்து ஷாஃப்ட்டை உருவிப் பார்த்தால், நேர்க்கோடாக இருக்க வேண்டிய ஸ்பிளைன் பற்கள் திரித்த கயிறு போல லேசாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எஃகு தன் எல்லையைத் தாண்டிவிட்டது, இனி பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த ஷாஃப்ட்டை மறுபடி மாட்டவே கூடாது.

தடிமன் எதற்கு, நல்ல எஃகு போட்டால் போதாதா என்று கேட்கலாம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 4340 எஃகில் கடைந்த ஷாஃப்ட்டுகள் சந்தையில் கிடைக்கின்றன. சாதாரணக் கார்பன் எஃகைவிட அவை நிச்சயம் பலமானவை. டானா 44 வைத்திருப்பவர் அவற்றை மாட்டுவது சரியான முதல் அடி. ஆனால் ஷாஃப்ட்டைத் தாண்டி ஒன்றும் மாறவில்லை. கிரவுன் வீல் 44-இல் 8.5 அங்குலம், 60-இல் 9.75 அங்குலம். ஷாஃப்ட் முறிய மறுத்தால் அந்தச் சுமை அடுத்துப் பலவீனமான பாகத்தைத் தேடிப் போகும்: பினியனின் பல், டிஃபரன்ஷியலின் குறுக்கு முள், கடைசியில் ஹவுசிங் குழாய். மாற்று ஷாஃப்ட் ஒன்றைக் காட்டில் அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். உடைந்த கிரவுன் வீலை அங்கே மாற்றி, பினியனோடு பல் சேர்த்து ஷிம் வைப்பது நடக்கிற காரியமில்லை. பெரிய டயருக்காகக் கிரவுன் வீல் விகிதத்தைத் தாழ்த்தும்போது பினியனும் சிறுத்துவிடுகிறது: 4.10-க்கு 10 பல் இருந்த இடத்தில் 5.38-க்கு 8 பல்தான். ஆகவே ஷாஃப்ட்டை மட்டும் பார்த்து ஆக்சில் வாங்கக் கூடாது. மொத்தமும் ஒரே அளவில் பலமானதாக இருக்க வேண்டும், முதலில் முறிவது எளிதில் மாற்றக்கூடிய பாகமாக இருக்க வேண்டும்.

டானா, டானா என்று இத்தனை முறை எழுதியாயிற்று. அந்தப் பெயருக்குரியவர் பொறியாளரே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர், அன்றைய கார்களில் இருந்த செயினுக்குப் பதிலாக மூடிய உறைக்குள் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட்டும் ஷாஃப்ட்டும் போதும் என்று கண்டு 1903-இல் காப்புரிமை பெற்றார். 1904-இல் நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டில் தொழில் தொடங்கினார். பணம் தட்டுப்பட்டபோது, 1914-இல் கைகொடுத்தவர் சார்ல்ஸ் டானா என்ற வழக்கறிஞர். 1946-இல் கம்பெனியின் பெயரே டானா என்று மாறியது. ஸ்பைசர் அதற்கு ஏழு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார். அவர் பெயர் இன்றும் ஜாயிண்ட்டுகளின் மேல் பொறிக்கப்பட்டுத்தான் வருகிறது. ஆக்சிலை ஊர் அழைப்பது மட்டும் வக்கீலின் பெயரால்.

அடுத்தது, ஷாஃப்ட் எதையெல்லாம் சுமக்கிறது என்ற கேள்வி. செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலில் சக்கரம் ஷாஃப்ட்டின் முனையிலேயே போல்ட் செய்யப்பட்டிருக்கும். சக்கரத்தைச் சுழற்றுவதும் ஷாஃப்ட்தான், வண்டியின் எடையைத் தாங்குவதும் அதேதான். எடை அதை வளைக்கிறது; சுழலும்போது மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை இழுபட்டு, ஒரு முறை நசுங்குகிறது. அகலமான வீல் போட்டு டயரை வெளியே தள்ளினால் அந்த வளைவு இன்னும் கூடும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஹவுசிங் குழாயின் முனையில் இரண்டு பேரிங் வைத்த ஹப் உட்கார்ந்திருக்கும். எடை முழுவதையும் ஹவுசிங் சுமக்க, ஷாஃப்ட் முறுக்கை மட்டும் சுமக்கும். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். உடைந்த துண்டை உருவிவிட்டு மற்ற சக்கரங்களின் பலத்தில் வீடு வந்து சேரலாம். சி வடிவக் கிளிப் ஒன்று மட்டும் பிடித்திருக்கும் டானா 35 போன்ற ஆக்சிலில் ஷாஃப்ட் முறிந்தால் டயரோடு சேர்ந்து வெளியே நடந்துவிடும். மலைச் சரிவில் அது நடக்க வேண்டாம். 40 அங்குல டயருக்குப் பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங்காக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். 1957-இலிருந்து 1986 வரை ஃபோர்டு வண்டிகளில் வந்த 9 அங்குல ஆக்சிலை, பினியனை இருபுறமும் பேரிங் தாங்கும் அதன் அமைப்புக்காகப் பலர் விரும்புகிறார்கள். அந்த விருப்பம் சரிதான், ஆனால் அதன் முனைகள் செமி ஃப்ளோட்டிங். அதே பினியன் வசதியும் 10.5 அங்குலக் கிரவுன் வீலும் ஃபுல் ஃப்ளோட்டிங் ஹப்பும் சேர்ந்து, ஜெனரல் மோட்டார்ஸின் சரக்கு பிக்கப்களில் 1973 முதல் வந்த 14 போல்ட் ஆக்சில் பழைய இரும்புக் கடைகளிலேயே கிடைக்கிறது.

பெரிய ஆக்சிலின் வயிறு தாழ்வாகத் தொங்கிப் பாறையில் இடிக்கும் என்பது அடுத்த மறுப்பு. அளந்து பார்ப்போம். 8.5-இலிருந்து 9.75-க்குப் போனால் கிரவுன் வீலின் ஆரம் கூடுவது 0.6 அங்குலம். 37 அங்குல டயரிலிருந்து 40-க்கு மாறினால் ஆக்சில் மேலே ஏறுவது 1.5 அங்குலம். கணக்கில் மிச்சம்தான். 14 போல்ட்டின் வயிறு இதைவிடப் பெரிது. அதன் அடியை அரிந்து தட்டையான இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்வது அமெரிக்காவில் வழக்கமான வேலை. எடை கூடும் என்பது உண்மை. ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் எடை வேகமாக ஓடும் வண்டியைத் துள்ள வைக்கும். நடை வேகத்தில் பாறை ஏறும் வண்டிக்கோ அதே எடை தாழ்வாக இருப்பதால் கவிழாமல் பிடித்து வைக்கிறது.

ஷாஃப்ட்டைத் தடிப்பாக்குவதற்குப் பதில் அதன் சுமையையே குறைக்கலாமே என்பாரும் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ அப்படித்தான் செய்தது: ஒவ்வொரு ஹப்பிலும் 1.92 மடங்கு கியர். ஷாஃப்ட் சுமப்பது கிட்டத்தட்டப் பாதி. கனக் கணக்கைத் திருப்பிப் போட்டால், ஐந்தில் நான்கு பங்கு தடிமன் போதும். பழுதில்லாத வழி. ஆனால் இரண்டு டிஃபரன்ஷியல் பெட்டிகளுக்குப் பதில் ஆறு இடங்களில் எண்ணெயும் சீலும் பேரிங்கும் பார்க்க வேண்டும், நான்கு ஹப்பும் கனக்கும், பணமும் அதற்கேற்ப ஆகும். ஒரே ஒரு வண்டியைத் தன் ஷெட்டில் கட்டுகிறவருக்குத் தடித்த ஷாஃப்ட்தான் மலிவு.

இந்தக் கணக்கெல்லாம் நேராக ஓடும் பின் ஷாஃப்ட்டுக்கு. முன் ஆக்சிலில் ஸ்டீயரிங்குக்காக ஷாஃப்ட்டை நடுவில் வெட்டி, மாணவர் ஸ்பைசரின் ஜாயிண்ட்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். சக்கரத்தை 35 டிகிரி திருப்பினால், உள்ளே சீராகச் சுற்றும் ஷாஃப்ட்டுக்கு வெளிமுனை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 22 சதவீதம் வேகமாகவும் இரண்டு முறை 18 சதவீதம் மெதுவாகவும் ஓடுகிறது. 1.5 அங்குல ஷாஃப்ட் அப்படியே நிற்க, அதன் காதுகள் விரிந்து ஜாயிண்ட்டின் தொப்பி தெறிப்பது அந்தத் திருப்பத்தில்தான். அதை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.