பழமொழி சட்டமா, சாட்சியா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் உருவானது. அங்குள்ள பட்டறைகளில் வேலை பழக வரும் இளைஞன், “லேத் சரியில்லை அண்ணே” என்று சொல்லி வாய் மூடுவதற்குள், “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று பதில் வரும். எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரித்துவிடுவான்.

நேராகத் திட்டியிருந்தால் பகை மூண்டிருக்கும். “என்றாளாம்” என்பதில் உள்ள அந்த ‘ஆம்’தான் பழமொழியின் சூட்சுமம். ‘நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது’ என்று அது ஒதுங்கிக்கொள்கிறது. குத்தல் உண்டு, காயம் இல்லை.

இச்செல்வத்தைத் தமிழர் பழங்காலத்திலேயே போற்றினர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான பழமொழி நானூற்றில், முன்றுறை அரையனார் பாட்டுக்கொரு பழமொழியைப் பதித்தார். பெர்சிவல் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைச் சென்னையில் வெளியிட்டார். 1897-இல் ஜென்சன் பாதிரியாரின் தொகுப்பு பொருள்வாரியாகப் பகுக்கப்பட்டு வந்தது.

இத்தகைய தொகுப்புகளைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்று ஒன்று விரட்டும். “பதறாத காரியம் சிதறாது” என்று மற்றொன்று கையைப் பிடித்து நிறுத்தும். எது சரி? இரண்டும் சரியே! நெற்களத்தில் காற்று நமக்காகக் காத்திராது. பத்திரத்தில் கையெழுத்திடும்போது அவசரம் ஆகாது. இடமறிந்து சொல்வதே அறிவு.

இடம் மாறினால் பழமொழி ஆயுதமாகிவிடும். “ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்பது ஏழைக்கு இட்ட கட்டளையா? அன்று, சபையில் நியாயம் கிடைக்காதவன் விட்ட பெருமூச்சு. அதையே வலியவன் எடுத்து, “பெரியவர்களே சொல்லிவிட்டார்கள், பேசாமல் இரு” என்று வாயடைக்கும்போது, சாட்சி சட்டமாகிவிடுகிறது. பெண்ணைப் பழிக்கும் பழமொழிகளும் இத்தகையனவே. அவை பெண்ணின் இயல்பைக் காட்டவில்லை. சொன்னவனின் மனத்தைத்தான் காட்டுகின்றன. லேத் ஓட்டும் ஆணைத் திருத்துவதற்குக்கூட ஆடத் தெரியாத ஒரு பெண்தானே தேவைப்படுகிறாள்!

ஆகவே நண்பர்களே, பழமொழி ஒன்று காதில் விழுந்தால், யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்று எண்ணிப் பார்ப்போம். அந்தப் பட்டறையில் லேத் உண்மையிலேயே பழுதாகியிருக்கலாம் அல்லவா? சில வேளைகளில் கூடமும் கோணலாகத்தான் இருக்கிறது. அப்போது சிரித்துவிட்டுப் போகாமல், கூடத்தைச் சரிசெய்வதே முறை.