குடும்பப் பெயரைப் பிடித்துப் போனால் வழி தவறும்

கனடாவின் கியூபெக்கில் வேர்கொண்ட ஒருவர் தன் மூதாதையரைத் தேடக் கிளம்பினால், முதலில் கையில் எடுப்பது குடும்பப் பெயரைத்தான். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். 1665-இல் பிரான்சிலிருந்து வந்திறங்கிய கரிஞான்-சாலியேர் படைப்பிரிவில் சுமார் 1,200 வீரர்கள்; அவர்களில் 400 பேர் அளவில் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். படையில் ஆளுக்கொரு பட்டப்பெயர்: கவலையற்றவன், பூ, இளமை என்றெல்லாம். 'என்கிற' என்று பொருள்படும் 'தி' என்ற ஒட்டோடு அது சொந்தப் பெயருக்குப் பின்னால் நின்றது. படையில் சேராத குடும்பங்களும் இப்படி இரட்டைப் பெயர் வைத்துக்கொண்டன. ரொட்டி சுடும் தொழிலாளியான பியர் ஊதோன் தி போலியூ 1676-இல் மரீ கோபெய் என்ற பெண்ணை மணந்தார். அவருடைய சந்ததியில் இன்று ஊதோன்களும் உண்டு, போலியூக்களும் உண்டு. 1840-க்கும் 1930-க்கும் இடையே அமெரிக்காவுக்குப் போன சுமார் ஒன்பது லட்சம் பேரில் பலரது பெயர் இன்னொரு முறை உருமாறியது. புவாவேர் கிரீன்வுட் ஆனது, ருவா கிங் ஆனது.

சரி, முதற்பெயராவது உதவுமா என்றால், அதுவும் ஏமாற்றும். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போது ஆண் குழந்தைக்கு ஜோசப், பெண் குழந்தைக்கு மரீ என்று முதலில் எழுதிவிடுவது ஒரு காலத்தில் பரவலான வழக்கம். ஞானப்பெற்றோரின் பெயரும் பெரும்பாலும் நடுவில் இடம்பிடிக்கும். கனடாவின் பிரதமராக இருந்த பியர் ட்ரூடோவின் முழுப்பெயர் ஜோசப் பிலிப் பியர் ஈவ் எலியட் ட்ரூடோ. இன்னொரு முன்னாள் பிரதமர் ழான் கிரேத்தியனின் முழுப்பெயர் ஜோசப் ஜாக் ழான் கிரேத்தியன். இருவரையும் ஜோசப் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

ஆகவே நம்பத்தக்கது பெயர் அல்ல, தம்பதி. திருமணப் பதிவில் பங்குக்குரு மாப்பிள்ளையின் தாய் தந்தை, மணப்பெண்ணின் தாய் தந்தை, சாட்சிகள் என எழுதுவார். தாய்மாரின் பெயர் பெரும்பாலும் அவர்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கும். ஊதோன் போலியூ ஆகலாம். ஆனால் மனைவி கோபெய் கோபெய்யாகவே நிற்கிறாள். ஆணின் பெயர் நழுவும் இடத்தில் பெண்ணின் பெயர்தான் பிடிமானம். ஒரே ஊரில் இரண்டு பியர் இருக்கலாமே என்றால், அந்த இருவருக்கும் மரீ கோபெய்யே மனைவியாக அமைவது அரிது. விதவை மறுமணம் செய்தால் பெற்றோருக்குப் பதிலாக இறந்த கணவன் பெயரை எழுதிவிடுவது வழக்கம் என்பதும் உண்மைதான். அப்போது முதல் திருமணப் பதிவைத் தேட வேண்டும். வேலை ஒரு படி கூடுகிறது, அவ்வளவே.

காகிதம் அழிந்தால் எல்லாம் போயிற்றே என்பது அடுத்த கேள்வி. 1640-இல் கியூபெக் நகரின் தேவாலயம் எரிந்தபோது பதிவேடுகளும் எரிந்தன. பிறகு அவற்றை மறுபடி எழுதினார்கள். 1679 முதல் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கோவிலிலும் ஒன்றை நீதிமன்றத்திலும் வைத்தார்கள். இந்தக் குவியலிலிருந்துதான் பாதிரியார் சிப்ரியன் தாங்கே 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வம்சாவளி அகராதி எழுதினார். 1966-இல் மொன்ரியால் பல்கலைக்கழகம் பழைய மக்கள்தொகை முழுவதையும் குடும்பம் குடும்பமாகக் கோக்கத் தொடங்கியது. 1634-இல் வந்த தச்சர் சக்காரி குளூத்தியேவுக்கு 1800-க்குள் 10,850 சந்ததியினர் என்று அந்த ஆய்வாளர்களால் சொல்ல முடிந்தது இப்படித்தான்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. தம்பதியாகவே பதியப்படாதவர்கள்? வரலாற்றாளர் மர்செல் த்ருதெல் அங்கே அடிமைகளாக இருந்த 4,000-க்கும் மேற்பட்டோரை எண்ணிக் காட்டினார். அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் பூர்வகுடிகள். ஞானஸ்நானப் பதிவில் பலருக்கு முதற்பெயரும் எஜமானின் பெயரும் மட்டுமே இருக்கும். இங்கே மேலே சொன்ன முறை செல்லாது. எஜமானின் சொத்துப் பட்டியல், நொத்தாரிசு எழுதிய விற்பனைப் பத்திரம், வழக்குக் கட்டு என்று வேறு காகிதங்களைப் புரட்ட வேண்டும். பலரது தேடல் அதிலும் ஒரு தலைமுறையைத் தாண்டுவதில்லை.