புரோகிராம் கணக்கைத் திருத்தினால் குறிப்பு ஏன் தொலைகிறது?

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு வீட்டுக் கணக்கை வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் வைத்தால் இப்படி இருக்கும்: தேதி; கீழே ‘வங்கி:சேமிப்பு  500 யூரோ’; அதற்கும் கீழே ‘வரவு:பென்ஷன்’, தொகை இல்லாமல். 2003-இல் ஜான் வீக்லி வெளியிட்ட லெட்ஜர் என்ற புரோகிராம் இதைப் படிக்கும். ஒரு பதிவின் தொகைகளை எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும் என்பதால், விட்ட தொகையைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். பெயருக்கும் தொகைக்கும் நடுவே இரண்டு இடைவெளி கட்டாயம். ஒன்றே விட்டால் தொகையும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

படிப்பதோடு நின்றால் வம்பில்லை. திருத்தி எழுதும்போதுதான் சிக்கல். அரைப்புள்ளிக்குப் பின் வீட்டுப் பாட்டி சொல்லி எழுதிய குறிப்பும் வெற்று வரியும் கூட்டலுக்குத் தேவையில்லை; படிக்கும்போதே உதிர்ந்திருக்கலாம். அதனால், திருத்தும் புரோகிராம் இடைவெளி உட்பட ஒவ்வொரு எழுத்தையும் மரவமைப்பில் பத்திரப்படுத்தி, அந்த மரத்தில் மாறிய இலையை மட்டும் மாற்றவேண்டும். எழுதாமல் விட்ட தொகையை அது நிரப்பவும் கூடாது.